மீட்டர் பெட்டியைப் பார்த்துப் பழகுங்கள்
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



கல்வியின் சிறப்பைப் பேசச் சொன்னார்கள். அதைப் பேச இங்கே பெரியவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் முப்பது வருஷம் வீடு வீடாக வயர் இழுத்துப் பிழைத்தவன். ஆகவே கரண்டு பில்லைப் பற்றிப் பேசுகிறேன்.

நம் செலாயாங்குக்கு வடக்கே இருக்கும் ரவாங்கில்தான், 1894-ஆம் ஆண்டிலேயே, தம்புசாமிப் பிள்ளையும் லோக் இயூவும் தங்கள் ஈயச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். மலாயாவில் அதுதான் முதல் முறை. பத்துமலைக் கோயிலை நிறுவிய அதே பிள்ளைதான். ஆனால் நான் பிறந்த லயத்தில் எழுபதுகளில்கூட பொழுது சாய்ந்தால் ஜெனரேட்டர் ஓடும், பத்து மணிக்கு நின்றுபோகும். பிறகு மண்ணெண்ணெய் விளக்குதான். என் அக்கா அந்தப் புகையில் படித்தவள்.

அந்த அக்காதான் 2023-இல் கூரைமேல் சோலார் போட்டாள். விற்க வந்தவர் வாய் இனிக்கப் பேசினாராம். “இனிமே நம்ம வீட்ல கரண்டே போகாதுடா தம்பி” என்றாள். சேமநிதியிலிருந்து 18,000 வெள்ளி. நாலு கிலோவாட். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் அவளுடைய பில்லைத்தான் முதலில் பார்த்திருப்பேன்.

அவள் வீட்டில் மாதம் 250 யூனிட். ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட், பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள். 2014 முதல் 2025 ஜூன் வரை முதல் 200 யூனிட்டுக்கு 21.80 காசு, அடுத்த 100-க்கு 33.40 காசு, அதற்குமேல் 51.60, பிறகு 54.60 என்று படிப்படியாக ஏறியது. அக்காவின் பில் 60 வெள்ளி 30 காசு. சோலார் அத்தனையையும் மிச்சப்படுத்தினாலும் போட்ட பணம் திரும்ப இருபத்தைந்து வருஷம் ஆகும். அவளுக்கு இப்போதே அறுபது தாண்டிவிட்டது.

அதே சோலாரை 900 யூனிட் புழங்கும் வீட்டில் போட்டுப் பாருங்கள். நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் மாதம் ஏறக்குறைய 100 யூனிட் தரும். நாலுக்கு 400. 2025 ஜூன் வரை இருந்த கட்டணத்தில் அந்த 400-ம் விலை கூடிய மேல் படியிலிருந்து கழிந்ததால் மாதம் 215 வெள்ளி மிச்சமானது. அந்தக் கணக்குப்படி ஏழு வருஷத்தில் பணம் வந்துவிடும். சாமான் ஒன்றுதான், வீடுதான் வேறு.

ஒரு நாள் மழையில் லைன் போயிற்று. அக்கா வீடும் இருட்டு. கோபமாக எனக்குப் போன் போட்டாள். பேட்டரி இல்லாத சோலார், லைன் போனால் தானே நின்றுவிடும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறியிருக்கும் ஆளை அது அடித்துவிடும். விற்றவர் இதைச் சொல்லவில்லை. மெழுகுவத்தி எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டே அவள் அழுதுவிட்டாள்.

2025 ஜூலையில் கட்டண முறை மாறியது. அதிலும் குறைவாகப் புழங்குகிறவர்களுக்குத்தான் தள்ளுபடி அதிகம். 2026 ஜனவரியில் சோலார் அத்தாப் என்ற திட்டம் வந்தது. (நம் பாட்டன்மார் அத்தாப்புக் குடிசையில் இருந்தார்கள், இப்போது அத்தாப்பு கரண்டு தருகிறது!) அதில் ஒரு மாதம் மிஞ்சியதை அடுத்த மாதத்துக்குக் கொண்டுபோக முடியாது. ஆகவே பகலில் ஆள் இருக்கும் வீடா, துணி துவைக்கும் மிஷின் பகலில் ஓடுமா என்று முதலில் யோசியுங்கள். ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கும் லயத்தில் இருப்பவர்களுக்கும் கூரையே சொந்தமில்லை. அவர்களுக்கு இந்தத் தலைவலியும் இல்லை.

அவர்களால் முடிவது வேறு. பள்ளிச் சட்டையைத் தினம் ஒன்றாகத் தேய்க்காமல் ஞாயிற்றுக்கிழமை ஐந்தையும் சேர்த்துத் தேயுங்கள், பெட்டி ஐந்து முறை சூடேற வேண்டியதில்லை. ஐஸ்பெட்டிக் கதவு ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். சும்மா வந்தால் ரப்பர் போச்சு, குளிர் வெளியேறுகிறது. காற்றாடிக்கு 70 வாட் போதும், ஏர்கோனுக்கு அதைப்போல் பத்து மடங்கு வேண்டும்.

மாணவர்களே, இன்று ராத்திரி மீட்டரில் உள்ள எண்ணை எழுதி வையுங்கள். நாளை அதே நேரம் மறுபடி பார்த்துக் கழித்தால், உங்கள் வீட்டு ஒரு நாள் கணக்கு வரும். அக்காவும் இப்போது ஒரு நோட்டில் எழுதி வருகிறாள். போன வாரம் அதைக் காட்டினாள், எழுத்து அழகாகத்தான் இருந்தது.