வடகடலில் தூண்டில் போடப் போகிறவர்களுக்கு

(நம் சங்கத்தின் மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் குமராட்சிக்காரன். சிதம்பரத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகிற சாலையில் இருக்கிற ஊர். தெற்கே கொள்ளிடம். விராலும் கெளுத்தியும் பிடித்து வளர்ந்தவன். ஆகவே தூண்டில் எனக்குப் புதிதல்ல, கடல்தான் புதிது. நம் செட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் அடுத்த மார்ச்சில் நார்வேக்குப் போய் ஆழ்கடலில் மீன் பிடிக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் 2019 மார்ச்சில் ஒரு தடவை போய் வந்தவன் என்பதால், "நீதான்யா சொல்லணும், எப்படிப் போறது, என்ன எடுத்துக்கிட்டுப் போறது" என்று மேடையில் ஏற்றிவிட்டார்கள். அதைச் சொல்கிறேன். கூடவே, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு சந்தேகம் வரும். நமக்கும் நார்வேக்கும் என்ன உறவு? இருக்கிறது ஐயா. நமக்குத் தெற்கே இருக்கிற தரங்கம்பாடியில் 1620இல் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டியபோது, டென்மார்க்கும் நார்வேயும் ஒரே அரசரின் கீழ் இருந்தன. 1952இல் நம் அரசும் நார்வேயும் ஐக்கிய நாடுகள் சபையும் ஒப்பந்தம் போட்டு, கொல்லம் பக்கத்தில் நீண்டகரையில் மீன்பிடித் திட்டம் ஒன்றைத் தொடங்கின. நம் நாட்டில் விசைப்படகு பரவியதற்கு அதுவும் ஒரு காரணம். யாழ்ப்பாணத்து அந்தோணி ராஜேந்திரம் 1956இலேயே நார்வே போய்ச் சேர்ந்தார். பிறகு அந்நாட்டு மக்களின் உதவியோடு, காரைநகரில் படகும் வலையும் செய்கிற சீநோர் நிறுவனத்துக்கு வழி செய்தார். 1980களில் போன ஈழத் தமிழர்கள் பலர் வடகோடியில், மீன் பதப்படுத்தும் ஆலைகளில் குளிரில் நின்று வேலை செய்து தலையெடுத்தவர்கள். நாம் உல்லாசமாகப் போகிற இடத்தில் நம் மொழிக்காரர்கள் உழைத்திருக்கிறார்கள் என்பது மனதில் இருக்கட்டும்.

இனி பயணம். எங்கே போவது? லோஃபோட்டன் தீவுகள். பூமியின் வடகோடி வட்டத்துக்கும் மேலே, 68ஆவது பாகையில் இருக்கிறது. அவ்வளவு வடக்கே இருந்தும் துறைமுகம் உறைவதில்லை. அட்லாண்டிக்கில் தெற்கிலிருந்து வரும் வெதுவெதுப்பான நீரோட்டம் காப்பாற்றுகிறது. 'காட்' என்கிற மீன் இன்னும் வடக்கே பேரண்ட்ஸ் கடலில் வளர்ந்து, ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை முட்டையிடுவதற்காக லோஃபோட்டன் பக்கம் கூட்டம் கூட்டமாக வருகிறது. அப்படி வருகிற மீனுக்கு அங்கே 'ஸ்க்ரெய்' என்று பெயர். நாம் சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினோமே மீன் எண்ணெய், அது இதன் ஈரலிலிருந்து எடுப்பதுதான்.

எப்போது போவது? மார்ச் கடைசி வாரம். டிசம்பரில் அங்கே சூரியனே எழாத நாட்கள் உண்டு. மார்ச் கடைசியில் பகலும் இரவும் ஏறக்குறைய சமம். மீனும் இருக்கும், வெளிச்சமும் இருக்கும், இரவில் மேகம் இல்லாவிட்டால் வானத்தில் பச்சை ஒளி ஆடுவதையும் பார்க்கலாம்.

எப்படிப் போவது? ஆஸ்லோ போய், அங்கிருந்து பூடோ, அங்கிருந்து சிறிய விமானத்தில் ஸ்வோல்வேர். ஷெங்கன் விசா வேண்டும். பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்தே மனு கொடுக்கலாம். கடைசி நேரத்தில் ஓடாதீர்கள். குறைந்தது 30 ஆயிரம் யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கேட்பார்கள்.

படகு விஷயத்தில் ஒரே சொல்தான். வாடகைக்குப் படகு எடுத்து நாமே ஓட்டலாம் என்று யாராவது ஆசை காட்டினால் காதில் வாங்காதீர்கள். அந்தக் கடல் அறிந்த ஸ்கிப்பர் ஓட்டுகிற படகில்தான் போக வேண்டும். பதிவு செய்யும்போது மூன்று கேள்வி கேளுங்கள். மிதவை உடை, கையுறை, பூட்ஸ் அவர்களே தருவார்களா? படகில் எத்தனை பேர்? வானிலையால் ஸ்கிப்பர் நிறுத்தினால் கணக்கு என்ன?

உள்ளே பருத்தி பனியன் வேண்டாம். நனைந்தால் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி உள்ளாடை, அதன்மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் அவர்கள் தருகிற மிதவை உடை. கடல் மயக்கத்துக்கான மாத்திரையைப் படகு ஏறுவதற்கு முன்பே போட வேண்டும். வாந்தி வந்தபின் போட்டுப் பயனில்லை. நமக்கெல்லாம் அறுபது தாண்டிவிட்டது. இரத்த அழுத்தம், இருதயக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் பணம் கட்டக் கூடாது.

அங்கே மீன் பிடிப்பது நம் ஆற்றுத் தூண்டில் மாதிரி இல்லை. புழு கிடையாது. மீன் போலவே செய்த கனத்த இரும்புத் துண்டில் கொக்கி இருக்கும். எதிரொலிக் கருவியில் மீன் கூட்டத்தைப் பார்த்து ஸ்கிப்பர் படகை நிறுத்துவார். இரும்பைத் தரை தொடுமட்டும் விட்டு, கொஞ்சம் தூக்கி, ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். கடித்தால் தெரியும், தோள்பட்டை சொல்லும்!

சட்டதிட்டமும் உண்டு. வெளிநாட்டார் கையால் பிடிக்கும் தூண்டில் மட்டுமே பயன்படுத்தலாம். பிடித்ததை விற்கக் கூடாது. மீன் பண்ணைக்கு 100 மீட்டருக்குள் மீன் பிடிக்கக் கூடாது. காட் மீன் வடபகுதியில் 44 சென்டிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் கடலுக்கே திரும்ப வேண்டும். ஹாலிபட் என்கிற தட்டை மீன் 2 மீட்டருக்கு மேல் இருந்தால் அதையும் விட்டுவிட வேண்டும். அது வம்சம் பெருக்குகிற தாய். வெளியே எடுத்துப் போகும் அளவை அவ்வப்போது மாற்றுகிறார்கள். ஆனால் நமக்கு அந்தக் கவலை வேண்டாம். அங்கேயே சமைத்துச் சாப்பிட்டுவிட்டு வெறுங்கையோடு வருவோம்.

இந்தக் கண்டிப்பு வீணல்ல. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் இதே காட் மீனை அள்ளி அள்ளி, 1992இல் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று. சுமார் 30 ஆயிரம் பேர் பிழைப்பை இழந்தார்கள். பேரண்ட்ஸ் கடலிலும் நார்வேயும் ரஷ்யாவும் சேர்ந்து வைக்கிற காட் வரம்பு 2021இல் 8 லட்சத்து 85 ஆயிரம் டன். 2025க்கு அதை 3 லட்சத்து 40 ஆயிரம் டன்னாகக் குறைத்தார்கள். நம் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் இருக்கிறதே, அதே நியாயம்தான்.

கரையில் இறங்கினால் நம் ஊர் வாசனை வரும். ஊரெங்கும் மரச்சட்டத்தில் மீனைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். கருவாடுதான், ஆனால் உப்பே கிடையாது! குளிர்காற்றே காய வைக்கிறது. பிப்ரவரியில் கட்டினால் மே, ஜூனில் இறக்குவார்கள். தலையைக்கூட வீணாக்காமல் நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். பரங்கிப்பேட்டைக் கருவாட்டுக்காரம்மா பார்த்தால், "உப்பில்லாம எப்படிய்யா நிக்கும்?" என்று சண்டைக்கே வருவார்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2019இல் நான் இரண்டு நாள் படகுக்குப் பணம் கட்டியிருந்தேன். முதல் நாள் நல்லபடியாகப் போயிற்று. ஏழெட்டுக் கிலோவில் ஒரு மீன் எனக்கே கிடைத்தது. இரண்டாம் நாள் காலையில் துறைக்குப் போனால், வெயில் அடிக்கிறது, வானம் நீலம். ஸ்கிப்பர், முப்பது வயதுகூட இருக்காது, கையை விரித்து, "இன்றைக்குப் போகவில்லை. மதியத்துக்கு மேல் காற்று திரும்பும்" என்றார். கூட இருந்த ஒருவர், அதிகப் பணம் தருகிறேன் என்றார். அந்தப் பையன் சிரித்துவிட்டு, காபி ஊற்றிக் கொடுத்தார். அவ்வளவுதான். பேச்சு முடிந்தது.

நான் அந்தக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு முடசலோடையை நினைத்துக்கொண்டு நின்றேன்.

1984 டிசம்பர். நாங்கள் ஐந்து பேர், வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு முடசலோடை போனோம். கடலுக்குள் போய்த் தூண்டில் போட வேண்டும் என்று ஆசை. மரப்படகு வைத்திருந்த ஒரு பெரியவரிடம் கேட்டோம். அவர் வானத்தைப் பார்த்துவிட்டு, "தம்பிங்களா, இன்னைக்கி வேணாம். வாடை ஏறிக்கிட்டு வருது. முகத்துவாரத்துல அலை நிக்குது" என்றார். நாங்கள் விடவில்லை. "சேர்த்துத் தர்றோம் பெரியவரே" என்றேன். நான்தான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் தம் வீட்டுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். மழைக்காலம், தொழில் இல்லாத நாட்கள். 150 ரூபாய் அவருக்கு அன்றைக்குப் பெரிய பணம். படகை இறக்கினார்.

முகத்துவாரத்தில் படகு பக்கவாட்டில் சாய்ந்தது. எங்களில் ஒருவன் தண்ணீரில் விழுந்தான். அவனுக்கு நீச்சல் தெரியாது. பெரியவர் குதித்து அவனைத் தள்ளிக்கொண்டு வந்து ஏற்றினார். ஏற்றும்போது அலை அவரைப் படகின் விளிம்பில் மோதியது. கரைக்கு வந்தபோது அவருடைய வலது கை மடங்கவில்லை. நாங்கள் பயத்தில் 150 ரூபாயைக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டோம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. மறுநாள் போய்ப் பார்க்கவும் இல்லை. விழுந்தவர் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

நம் கடலின் தண்ணீர் வெதுவெதுப்பு. அதனால் அவர் குதித்துக் காப்பாற்ற முடிந்தது. லோஃபோட்டனில் மார்ச் மாதக் கடல் நான்கைந்து டிகிரி. கனடாவில் மனிடோபா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கார்டன் கீஸ்ப்ரெக்ட் ஒரு கணக்குச் சொல்வார்: ஒன்று, பத்து, ஒன்று. விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு திணறும். அதை அடக்கிக்கொள்ள வேண்டும். அடுத்த பத்து நிமிடம்தான் கையும் காலும் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஒரு மணி நேரம் ஆகும். பலர் குளிரால் சாவதற்கு முன்பே, மிதவை உடை இல்லாமல் முதல் சில நிமிடங்களில் மூழ்கிவிடுகிறார்கள். அங்கே குதித்துக் காப்பாற்றப் பெரியவர் கிடையாது. கரையிலேயே "வேண்டாம்" என்று சொல்கிறவர்தான் காப்பாற்றுகிறவர்.

அந்த இளைஞரால் "வேண்டாம்" என்று சொல்ல முடிந்தது. சொன்னதால் அவர் வீட்டில் அடுப்பு அணையப்போவதில்லை. நம் பெரியவரும் சொன்னார். அவர் சொல்லை 150 ரூபாய்க்கு வாங்கியது நான்.

ஊர் திரும்பியதும் முடசலோடை போனேன். முப்பத்தைந்து வருஷம் கழித்து. 2004 சுனாமி அந்தக் கரையையே மாற்றிவிட்டிருந்தது. விசாரித்து விசாரித்து அவர் மகனைக் கண்டுபிடித்தேன். பெரியவர் சுனாமிக்கு முன்பே காலமாகிவிட்டார். "அப்பாவுக்கு வலது கை கடைசி வரைக்கும் மேல தூக்க வராதுங்க. படகுல அடிபட்டதுன்னு சொல்லுவாரு" என்றார் மகன். எப்படி அடிபட்டது என்று வீட்டில் சொல்லவே இல்லையாம். நான் சொன்னேன். அவர் சிறிது நேரம் சும்மா இருந்தார். பிறகு, "டீ சாப்பிடுறீங்களா சார்?" என்று கேட்டார்.

ஆகவே நண்பர்களே, நம் பயணத் திட்டத்தில் இரண்டு விதிகளைச் சேர்க்கச் சொல்கிறேன். ஒன்று, படகுக்கு இரண்டு நாள் என்றால், தங்குவதற்கு நான்கு நாள். காற்று திரும்பினால் காத்திருக்க இடம் வேண்டும். அவசரம் வந்தால்தான் வற்புறுத்தத் தோன்றும். இரண்டு, ஸ்கிப்பர் நிறுத்தினாலும் அந்த நாள் கூலியை முழுதாகக் கொடுத்துவிட வேண்டும், திருப்பிக் கேட்கக் கூடாது. அதற்குச் சம்மதம் உள்ளவர்கள் மட்டும் பெயர் கொடுங்கள்.

இன்னொன்று. போவதற்கு முன், வருகிற ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் முடசலோடை வாருங்கள். அவர் மகன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவர் போகலாம் என்றால் படகு ஏறுவோம். வேண்டாம் என்றால் கரையில் உட்கார்ந்து டீ குடிப்போம். கூலி இரண்டுக்கும் ஒன்றுதான்.