கையெழுத்துக்கு முன்னால் ஒரு கேள்வி
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்ம பிள்ளைங்க செல்போன்ல கொரியப் பாட்டு கேட்கிறதைப் பார்க்கிறோம். பாட்டு நமக்குப் புரியாம இருக்கலாம். ஆனா அந்த ஊர்ப் பாடகர் ஒருத்தர் பட்ட பாடு நமக்கு நல்லாவே புரியும். அதைத்தான் இன்று பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

அவர் பெயர் கிம் ஜுன்சு. தென்கொரியாவில் 1986-ல் பிறந்தவர். பள்ளியில் படிக்கும்போதே எஸ்.எம். என்டர்டெயின்மென்ட் என்ற பெரிய நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தார். 2003 டிசம்பரில், 17 வயதில், 'தோங் பாங் ஷின் கி' என்ற ஐந்து பேர் குழுவில் ஒருவராக அறிமுகமானார். கொரியாவிலும் ஜப்பானிலும் குழுவுக்குப் பெரும் புகழ். 2009 ஜூலை தொடக்கத்தில் டோக்கியோ டோம் என்ற மிகப் பெரிய அரங்கில் பாடினார்கள்.

அதே மாதக் கடைசியில் ஜுன்சு, ஜேஜூங், யூச்சுன் மூவரும் நிறுவனத்தின் மீது சியோல் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டாங்க. காரணம், ஒப்பந்தம். அது 13 ஆண்டுக்குப் போட்டது. கட்டாய ராணுவச் சேவைக் காலம் அதில் சேராது என்பதால் இன்னும் நீளும். நடுவில் விலகினால் பெருந்தொகை கட்டணும். கணக்குப் போட்டுப் பாருங்க. 17 வயசுல மேடை ஏறின பையன் 30 வயசு தாண்டித்தான் வெளியே வர முடியும்!

நிறுவனமும் தன் பக்கத்தைச் சொன்னது. செலவு செய்து வளர்த்தோம், வருமானத்தில் பங்கும் கொடுத்தோம் என்றது. 2009 அக்டோபரில், மூவரும் தனியாகத் தொழில் செய்வதைத் தடுக்கக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஜெயிச்சாச்சு, பிரச்சினை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. குழு உடைந்தது. பழைய பெயர் மற்ற இருவரிடம் இருந்தது. மூவரும் 2010-ல் 'ஜேஒய்ஜே' என்ற புதுப் பெயரில் பாடினார்கள். ஆனால் பல ஆண்டுகள் பெரிய தொலைக்காட்சிகளின் பாட்டு நிகழ்ச்சிகளில் அவர்களுக்கு இடமில்லை. 2012 நவம்பரில்தான் வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஜுன்சு சோர்ந்து உட்காரவில்லை. தொலைக்காட்சிக் கதவு மூடினால் என்ன, 2010-லேயே 'மொசார்ட்' என்ற இசை நாடகத்தில் நடித்து அந்த மேடையில் தனக்கென்று ஓர் இடம் பிடித்தார். 2021-ல் சொந்த நிறுவனமே தொடங்கினார்.

பின்னால் வந்தவர்களுக்கு நிலைமை மாறியது. மூவரும் வழக்குப் போடுவதற்குச் சற்று முன்பே, பாடகர் ஒப்பந்தம் 7 ஆண்டைத் தாண்டினால் அதன்பின் பாடகர் விலகிக்கொள்ளலாம் என்ற மாதிரி ஒப்பந்தத்தை அரசின் நியாய வர்த்தக ஆணையம் 2009-ல் கொண்டு வந்திருந்தது. மூன்று பேர் பட்ட பாட்டால், தகுந்த காரணமில்லாமல் கலைஞர்களைத் தொலைக்காட்சி ஒதுக்குவதைத் தடுக்க 2015-ல் சட்டத் திருத்தமும் வந்தது. மக்கள் அதை 'ஜேஒய்ஜே சட்டம்' என்றே சொல்கிறார்கள்.

சகோதரிகளே, கையெழுத்துப் போட ஒரு நிமிஷம் போதும். அதிலிருந்து வெளியே வர அவங்களுக்கு மூன்று வருஷத்துக்கு மேல ஆச்சு. நாங்க களத்துக்குப் போகும்போது, "எங்கே போடணும்?" என்ற கேள்வியைத்தான் அதிகம் கேட்கிறோம். "இதில் என்ன எழுதியிருக்கு?" என்ற கேள்வி முதலில் வரணும். எத்தனை வருஷம்? நடுவில் விலகினா என்ன ஆகும்? நகல் நம்ம கையில் இருக்கா? கடன் பத்திரமானாலும் சரி, பிள்ளைங்களுடைய வேலை ஒப்பந்தமானாலும் சரி, இந்த மூன்றையும் கேளுங்க. படிக்கத் தெரியாதவங்க, தெரிஞ்சவங்களைப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க. அதில் வெட்கமே இல்லை.