நோன்பாளியும் இன்சுலின் ஊசியும்
(ஷஃபான் மாத முதல் ஜும்ஆவில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



சென்ற ரமளானில் ஒரு நாள் அஸர் ஜமாஅத்தின்போது, பின் ஸஃப்பில் நின்ற பெரியவர் ஒருவர் உடலெல்லாம் வியர்த்துச் சரிந்துவிட்டார். நோன்பின் களைப்பு என்றெண்ணி விசிறிக்கொண்டு நின்றோம். அவருடைய மகன் ஓடிவந்து சோதித்தபோது சர்க்கரை 48. விழுங்கும் நிலையில் இருந்ததால் சர்க்கரைத் தண்ணீர் புகட்டினோம், தெளிந்தார். தெளிந்ததும் அவர் முதலில் கேட்டது, "என் நோன்பு போய்விட்டதா ஹஜ்ரத்?" என்பதே.

பிறகு விசாரித்தேன். இஃப்தாருக்குப் பின் பார்த்த அளவு 290 வந்திருக்கிறது. அதைக் கண்டு அஞ்சி, மருத்துவரைக் கேளாமலே, நாளுக்கு ஒருமுறை போடும் நெடுநேர இன்சுலினைச் சில யூனிட் கூட்டிப் போட்டிருக்கிறார். தவறு இங்கேதான் நேர்ந்தது.

கிளார்ஜின் போன்ற நெடுநேர ஊசி ஏறத்தாழ 24 மணி நேரம் ஒரே சீராக வேலை செய்வது. நாம் உண்ணாத வேளையிலும் ஈரல் வெளியிடும் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதே அதன் பணி. உணவுக்குப் பின் ஓரிரு மணி நேரத்தில் திடீரென உயரும் சர்க்கரையை அடக்குவது அதன் பணியன்று. அதற்குரியவை உணவின் அளவும், உணவு வேளைக்கென மருத்துவர் தரும் மாத்திரை அல்லது விரைவு ஊசியும். கொளவாய் ஏரியின் மதகை நாள் முழுதும் கூடுதலாகத் திறந்து வைத்தால் மாலையில் வரும் வெள்ளம் அதனால் அடங்கிவிடாது. மறுநாள் நண்பகலில் ஏரிதான் வறளும். அந்தப் பெரியவருக்கு நேர்ந்தது அதுவே.

சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும் சக அமைப்பும் 2021-ல் வெளியிட்ட ரமளான் வழிகாட்டுதல், நாளுக்கு ஒருமுறை போடும் நெடுநேர ஊசியை இஃப்தார் வேளைக்கு மாற்றி, அளவை 15 முதல் 30 விழுக்காடு வரை குறைக்கச் சொல்கிறது. கூட்டச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். காலையில் போடுபவர்கள் நேரத்தை எப்படி மாற்றுவது, கலப்பு இன்சுலின் போடுபவர்கள் என்ன செய்வது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே ரமளான் பிறை பார்க்கும்வரை காத்திராமல், இந்த மாதமே செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ தங்கள் மருத்துவரிடமோ சென்று கேளுங்கள்.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமது நோன்புக் கஞ்சியைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. பாசிப்பருப்பும் வெந்தயமும் கறியும் சேர்ந்த ஒரு கிண்ணம் போதுமானது. அதோடு வரும் வடை, சமோசா, ரோஸ்மில்க், தராவீஹ் முடிந்து கடையில் பரோட்டா, இவையே 290-ஐக் கொண்டு வருகின்றன. உணவுக்கு இரண்டு மணி நேரம் கழித்துச் சோதித்தால் 180-க்குள் இருப்பது நலம்.

விரலில் குத்தினால் நோன்பு முறியும் என்று சிலர் சோதனையையே விட்டுவிடுகின்றனர். முறியாது. தோலுக்கடியில் போடும் இன்சுலின் ஊசியாலும் முறியாது என்று 1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்துள்ளது. ஆனால் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினாலும் 300-ஐத் தாண்டினாலும், மஃரிபுக்குப் பத்து நிமிடமே இருந்தாலும், நோன்பை விட்டுவிட வேண்டும். அல்பகரா அத்தியாயத்தின் 184, 185 வசனங்களில் நோயாளிக்கு அல்லாஹ் அளித்த சலுகை இதற்காகவே. பின்னர் களா செய்யலாம். அதற்கும் இயலாத நிரந்தர நோயாளி ஃபித்யா கொடுக்கலாம். தலையில் காயம்பட்டவருக்குச் சலுகையில்லை என்று கூறிக் குளிக்கச் செய்து, அவர் இறக்கக் காரணமானவர்களை நபி (ஸல்) அவர்கள் வன்மையாகக் கண்டித்த செய்தி அபூதாவூதில் உள்ளது. என்போன்ற ஆலிம்கள் அஞ்ச வேண்டிய செய்தி அது.

கோவளம், மாமல்லபுரம் பக்கமிருந்து வண்டியில் வரும் சகோதரர்கள் ஊசியை வண்டிப் பெட்டிக்குள் வெயிலில் வைத்துவிடாதீர்கள்; வீரியம் கெட்டுவிடும். வீட்டுப் பெண்களிடமும் இவற்றைச் சொல்லுங்கள். நமக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டே தலைசுற்றலை மறைத்து நோன்பு நோற்பவர்கள் அவர்கள்தாம்.

மயங்கி நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். பள்ளிவாசல் அலுவலக அறையில் சோதனைக் கருவி ஒன்றும் குளுக்கோஸ் பொட்டலங்களும் ரமளான் முழுதும் இருக்க நிர்வாகத்தாரிடம் கேட்டுக்கொண்டுள்ளேன். சாவி முஅத்தினிடம் இருக்கும். வஸ்ஸலாம்.