சலவைச் சோடாவும் ஆலைப் புகையும்

(தொழிலாளர் படிப்பு வகுப்பில் ஆற்றிய உரை)



சலவைச் சோடாவை நாம் எல்லோரும் அறிவோம். சோப்புக்கு, கண்ணாடிக்கு, துணி வெளுக்க என்று எதற்கும் அது வேண்டும். ஒரு காலத்தில் ஐரோப்பாவில் ஸ்பெயின் நாட்டுச் செடிகளையும் ஸ்காட்லாந்துக் கடற்பாசியையும் எரித்து, அந்தச் சாம்பலிலிருந்துதான் சோடா எடுத்தார்கள். மில்கள் பெருகின, சாம்பல் போதவில்லை.

சாதாரண உப்பிலிருந்து சோடா எடுக்க வழி கண்டவர் நிக்கலஸ் லெபிளாங்க் என்ற பிரெஞ்சு வைத்தியர். 1791-ல் பேடண்ட் வாங்கி, ஆர்லியன்ஸ் கோமகனின் பணத்தில் பாரிசுக்கு அருகே ஆலை வைத்தார். 1793-ல் கோமகனின் தலை போயிற்று. ஆலை அரசின் கைக்குப் போயிற்று. முறையும் நாட்டுக்குப் பொதுவாயிற்று. யுத்த காலம், அது நியாயமே. ஆனால் கண்டுபிடித்தவரைக் கைவிட்டது நியாயமல்ல என்றே நமக்குப் படுகிறது. 1806-ல் அவர் தற்கொலை செய்துகொண்டார்.

அவர் முறையில் கொழுத்தவர்கள் இங்கிலாந்து முதலாளிகள். 1823-ல் ஜேம்ஸ் மஸ்பிராட் லிவர்பூலில் ஆரம்பித்தார். பிறகு செயிண்ட் ஹெலன்ஸ், விட்னெஸ் ஊர்களெல்லாம் சோடா ஊர்களாயின.

வேலை என்ன? இரும்புச் சட்டியில் உப்பைக் கொட்டி, கந்தகத் திராவகத்தை ஊற்றிக் காய்ச்சுவார்கள். உப்புத் திராவகப் புகை கிளம்பும். சட்டியில் கட்டிப்பட்டதை வாரி உலையில் வறுப்பார்கள். அதோடு சுண்ணாம்புக் கல்லும் நிலக்கரியும் சேர்த்து மறுபடி உலையிலிட்டுக் கிளறினால் கறுப்புச் சாம்பல் வரும். அதைத் தண்ணீரில் ஊறவைத்து, வடித்து, காய்ச்சினால் சோடா. எட்டு டன் சோடாவுக்கு ஐந்தரை டன் திராவகப் புகை, ஏழு டன் கழிவு! கழிவை ஊர் ஓரத்தில் மலையாகக் குவித்தார்கள். மழை பட்டால் கூமுட்டை நாற்றம்.

புகையை என்ன செய்தார்கள்? உயரமான புகைபோக்கி கட்டி வானத்தில் விட்டார்கள். மரங்கள் கருகின, பயிர் பட்டது. கரி நிரப்பிய கோபுரத்தில் தண்ணீரை ஒழுகவிட்டுப் புகையைக் கரைக்கும் வழியை வில்லியம் காஸேஜ் 1836-லேயே காட்டியிருந்தார். ஆனால் எல்லா ஆலைகளையும் கட்டுப்படுத்தும் சட்டம் எப்போது வந்தது? 1863-ல்! முன்னாள் பிரதமர் டெர்பி பிரபுவின் எஸ்டேட் செயிண்ட் ஹெலன்சுக்குப் பக்கத்தில் இருந்தது. 1862-ல் பிரபுக்கள் சபையில் அவர் விசாரணைக் கமிட்டி கேட்டார். மறு வருஷமே சட்டம் வந்தது. புகையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கைப் பிடித்தாக வேண்டும்.

பிரபுவின் மரங்களுக்கு விமோசனம் கிடைத்தது. கொட்டகைக்குள் நின்றவனுக்கு? சட்டிக்கு முன் நின்றவர்களின் பற்களைத் திராவகப் புகை அரித்தது. பிடித்த திராவகத்தில் குளோரின் எடுத்துச் சலவைத் தூள் செய்யத் தொடங்கியதும், வீணாய்ப் போனது விலைபோகும் சரக்காயிற்று. அந்தத் தூளைப் பீப்பாயில் அள்ளிப் போட்டவர்கள் மடித்து மடித்த கம்பளித் துணியை வாயில் இறுகக் கட்டிக்கொண்டுதான் அறைக்குள் போனார்கள். 1897-ல் ராபர்ட் ஷெரார்ட் என்ற பத்திரிகையாளர் இவர்களைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு ‘இங்கிலாந்தின் வெள்ளை அடிமைகள்’ என்று பெயரிட்டார்.

இதற்குள் பெல்ஜியத்து சால்வே 1861-ல் கண்ட மலிவான முறை வந்துவிட்டது. பழைய ஆலை முதலாளிகள் 1890-ல் ஒரே கம்பெனியாகக் கூடியும் அதைச் சமாளிக்க முடியவில்லை. விட்னெஸில் ஹட்சின்சன் ஆலை நின்ற இடத்தில் இன்று பூங்கா இருக்கிறது.