மழை பொது, துயரும் பொதுவா?

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



மழையைப் பழித்தல் தமிழர் மரபன்று. வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்துக்கு அடுத்தபடியாக மழைக்கே ஓர் அதிகாரம் வகுத்தார். ஆகவே நாம் பேச வந்தது மழையின் குற்றத்தைப் பற்றியன்று. பெருமழை ஓய்ந்த பின் நோயில் வீழ்வோர் யார் என்பதைப் பற்றியே.

வெள்ளவத்தை மாடி வீட்டின் மேலும் மழை பெய்கின்றது. அங்கே கால்வாயோரச் சிறு வீட்டின் மேலும் பெய்கின்றது. கொட்டாஞ்சேனைக்கு அப்பால் களனி கங்கைக் கரைக் குடிசையின் மேலும் பெய்கின்றது. ஆனால் வெள்ளம் அவ்வாறு சமமாக வருவதில்லை. கொழும்பைக் காக்க ஆங்கிலேயர் காலத்தில் களனிக் கரையில் அணைகள் எழுப்பப்பட்டன. அணைக்கு உட்புறம் நகரம் நின்றது. ஆற்றுப் புறத்தில் இடமற்றோர் குடியேறினர். 2016ஆம் ஆண்டு மே மாதம் களனி பெருகியபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டி முதலிய தாழ்ந்த பகுதிகளில் வீடுகள் நாட்கணக்காக நீரில் நின்றன.

மணலின்மேல் வீடு கட்டியவன் புத்தியில்லாதவன் என்று மிஷன் பாடசாலையில் விவிலியக் கதை படித்தோம். களனிக் கரையில் வீடு கட்டியவனையும் அவ்வாறு சொல்லலாமோ? துறைமுகத்திலும் புறக்கோட்டையிலும் நாட்கூலி பெறும் அவனுக்குக் கற்பாறையை விற்பார் யார்?

வெள்ளம் வடிந்ததும் ஆபத்து நீங்கிவிட்டதென நினைக்கின்றோம். உண்மையில் நோய் அப்பொழுதுதான் புறப்படுகின்றது. எலியின் சிறுநீர் கலந்த நீரில் நடப்பவனுடைய காற்புண் வழியே எலிக்காய்ச்சல் புகுந்து, ஓரிரு வாரத்தில் வெளிப்படும். சிரட்டையிலும் பழைய டயரிலும் தயிர்ச்சட்டியிலும் தேங்கிய நீரில் டெங்கு நுளம்பு பத்து நாளளவில் பிறந்து பறக்கும். 2017ஆம் ஆண்டில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். 400க்கு மேற்பட்டோர் மாண்டனர். வைரசின் வகை மாறியதும் ஒரு காரணமே; ஆயினும் அவ்வாண்டின் பெருமழையும் அகற்றப்படாத குப்பையும் நுளம்புக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்தன.

நுளம்புக்கு ஏழை, செல்வர் என்ற பேதமில்லையே என்பீர்கள். கடியில் பேதமில்லை, கடித்த பின் உண்டு. இலவச வைத்தியம் எமது நாட்டின் பெருமை. எனினும் நாட்கூலிக்காரன் பத்து நாள் படுத்தால் அடுப்பு எரியாது. பிள்ளை படுத்தாலோ, பக்கத்திலிருக்கும் தாயின் கூலியும் போய்விடும். அதற்காக வாங்கும் கடன் அடுத்த மழை வரையில் வட்டியுடன் வளரும்.

மலைநாட்டைப் பாருங்கள். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. பதுளை, கண்டி, நுவரெலியா மாவட்டங்களில் மண் சரிந்து வீடுகளை மூடியது. பல தலைமுறையாகத் தேயிலை பறித்தும் சொந்தமாக ஓரடி நிலமில்லாத லயத்து மக்களிடம், "சரிவை விட்டு விலகுங்கள்" என்றால், எங்கே விலகுவர்? செல்வ நாடும் இதற்கு விலக்கன்று. 1995 ஜூலையில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் கடும் வெப்பத்தால் 700க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களிற் பலர் வறியோரும் தனித்து வாழ்ந்த முதியோருமாவர். இயற்கை அடிக்கின்றது, அடி விழும் இடத்தை மனிதர் முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கின்றனர்.

வெள்ளம் வந்த மூன்று நாளும் சோற்றுப் பார்சல் குவியும். மூன்றாம் வாரம், காய்ச்சல் வரும் வேளையில், அவ்வொழுங்கையில் எவர் காலடியும் படுவதில்லை. அங்கேதான் இளைஞருக்கு வேலை இருக்கின்றது. வெள்ளம் வடிந்தபின் ஒரு மாத காலம், வாரந்தோறும் அவ்வீடுகளுக்குச் செல்வோம். தேங்கிய நீரைக் கவிழ்ப்போம். கிணற்றுக்குக் குளோரின் இடவும், எலிக்காய்ச்சலுக்கு முற்காப்பு மாத்திரை கிடைக்கவும் சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்தை நாடுவோம். காய்ச்சல் கண்டவரை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வோம். பெரியோர்களே, நீங்கள் உங்கள் சொல்லின் வலிமையை மாநகர சபையிடம் வடிகாலுக்காகவும், அரசாங்கத்திடம் மேட்டுநிலத்துக்காகவும் செலவிடுங்கள்.

சோறு கொடுத்தல் தருமம். மறுமுறை அவன் சோற்றுக்குக் கையேந்தாதபடி மேட்டில் ஓர் இடம் பெற்றுக் கொடுத்தல் நீதி. எமது சங்கம் இரண்டையும் செய்ய வல்லது என்னும் நம்பிக்கையுடன் அமர்கின்றோம்.