நினைவில்லாச் சார்பு

ஆலை இயந்திரங்களை ஆளும் பி.எல்.சி. நிரல்களிலே, ஒருமுறை எழுதிப் பலமுறை அழைக்கும் பகுதியைச் 'சார்பு' என்பர். 1993இல் முதன்முதல் வெளியான ஐ.இ.சி. 61131-3 தரநிலையின்படி அதற்கு நினைவு கிடையாது.

நீர்த்தொட்டி வற்றினால் பம்பை இயக்கு, நிரம்பினால் நிறுத்து என்று மட்டும் எழுதுகின்றோம். நீர் நடுமட்டத்தில் நிற்கையில் வெளியீட்டுக்கு மதிப்பளிப்பவர் யார்? ஒருவருமில்லை. சீமென்ஸ் கருவிகளில் அப்போது ஏதோவொரு மதிப்பு வெளிப்படக்கூடும். பம்பு தானே ஓடலாம், தானே நிற்கலாம். சோதனை மேசையில் இக்குறை பெரும்பாலும் தலைகாட்டாது; அதுவே கொடுமை.

முதல் வரியிலேயே 'நிறுத்து' என்று எழுதிவிடுதல் பலரும் கூறும் மருந்து. எச்சரிக்கை விளக்குக்கு அது போதும். இங்கோ, தொட்டி நிரம்புமுன்னரே பம்பு நின்றுவிடும். முந்திய நிலையைக் காக்க வேண்டுமாயின், அம்மதிப்பை உட்சென்று வெளிமீளும் அளபுருவாக அனுப்புதல் வேண்டும். அன்றேல், நினைவுடைய சார்புத் தொகுதியைக் கைக்கொள்ளல் வேண்டும்.