நொய்யல் வழியே ஊர் காணல்

(வட்டத்தின் பத்தாண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்களித்த தலைப்பு 'கோவையும் கவிதையும்' என்பதாகும். அத்தலைப்பில் பேசுதற்கு என்னினும் தகுதியுடையோர் இவ்வவையில் பலர் அமர்ந்திருக்கின்றனர். 1971இல் இந்நகரில் 'வானம்பாடி' இதழ் தோன்றியதையும், புவியரசு, ஞானி, சிற்பி, முல்லை ஆதவன் முதலானோர் புதுக்கவிதைக்கு ஆற்றிய பணியையும் நீங்கள் நன்கறிவீர்கள். ஆகவே அதனை விடுத்து, அண்மையில் எனக்கு நேர்ந்த ஒரு சங்கடத்திலிருந்து தொடங்க விழைகிறேன்.

தஞ்சையிலிருந்து நண்பர் ஒருவர் ஒரு மணவிழாவின் பொருட்டு வந்து என் இல்லத்தில் இரண்டு நாள் தங்கினார். தமிழாசிரியர், ஓய்வு பெற்றவர். காலையில் காப்பி அருந்தியதும், "உங்கள் ஊரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று வினவினார். நான் சற்றும் சிந்தியாமல், "உதகை இருக்கிறது, மூன்று மணி நேரத்தில் போய்விடலாம்" என்றேன். அவர் நகைத்துவிட்டார். "உதகை நீலகிரியில் அல்லவா இருக்கிறது? நான் கேட்டது உங்கள் ஊரை" என்றார்.

இஃது என் ஒருவனுடைய பிழையன்று என்று எண்ணுகிறேன். கோவையார் விருந்தினர்க்கு உதகையைக் காட்டுவோம், வால்பாறையைக் காட்டுவோம், பழநிக்கும் குருவாயூருக்கும் வண்டி ஏற்றி அனுப்புவோம். வேற்றூர்க்குப் போகும் வழியில் இருக்கும் ஊர் என்றே நம் ஊரை நாமும் கருதிப் பழகிவிட்டோம். இன்றைய இளைஞரைக் கேட்டால் 2017இல் வெள்ளியங்கிரி அடிவாரத்தில் எழுந்த 112 அடி உயர ஆதியோகி சிலையைச் சொல்வர். சிறுவரைக் கேட்டால் வணிக வளாகங்களைச் சொல்வர். தஞ்சைக்காரர்க்கு இந்தச் சங்கடம் இல்லை. தெருவில் நின்று கை நீட்டினால் பெரிய கோயிலின் விமானம் தெரியும். நம் ஊரிலோ காண்பதற்குரியவை தாமாக வந்து கண்ணில் படுவதில்லை. படித்துக் காண வேண்டியிருக்கிறது. நாணத்தால் உந்தப்பட்டு அந்த இரண்டு நாளும் நண்பரை அழைத்துக்கொண்டு நொய்யல் ஆற்றின் வழியே போனேன். அவருக்குக் காட்டப் போய் நான் கண்டவற்றையே இங்குச் சொல்லப் போகிறேன்.

முதலில் பேரூர். பட்டீசுவரர் கோயிலின் கனகசபை மண்டபத்தைப் பலமுறை கண்டிருக்கிறேன், நீங்களும் கண்டிருப்பீர்கள். 17ஆம் நூற்றாண்டில் அளகாத்திரி நாயக்கர் காலத்தில் எழுந்த அம்மண்டபத்துத் தூண்களில் யானையுரி போர்த்த மூர்த்தியும், ஊர்த்துவ தாண்டவரும், வீரபத்திரரும் நிற்கும் நிலையைக் கண்டு தஞ்சைக்காரரே பேச்சிழந்து நின்றார் என்றால் அதன் பெருமையை நான் விரிக்க வேண்டியதில்லை. ஆயினும் கவிஞர்களாகிய நமக்கு அக்கோயிலில் உரிய இடம் வேறு. சுந்தரர் பொருள் வேண்டி இத்தலத்துக்கு வருகிறார். கொடுக்கக் கையில் ஒன்றும் இல்லாத பட்டீசுவரர், அம்மையுடன் பள்ளனும் பள்ளியுமாக வேடங்கொண்டு வயலில் இறங்கி நாற்று நட்டுக்கொண்டிருக்கிறார். நந்தி காட்டிக் கொடுத்துவிடுகிறது. மண்வெட்டியால் முகத்தில் அடியும் படுகிறது. புலவனுக்குக் கொடுப்பதற்கின்றி இறைவனே சேற்றில் ஒளிந்துகொண்ட ஊர் நம் ஊர்! நம் வட்டத்தின் நிதிநிலையை நினைக்குந்தோறும் எனக்கு இக்கதை ஆறுதல் தருகிறது. இதனை நினைவுகூரும் நாற்று நடவு விழா ஆனித் திங்களில் அங்கு நடைபெறுகிறது. நடுவதற்கு வயல் எங்கே என்று சுற்றிப் பார்த்தார் நண்பர். மனைப் பிரிவுகள்தாம் தெரிந்தன.

18ஆம் நூற்றாண்டில் பேரூர்ப் புராணம் பாடிய கச்சியப்ப முனிவர் இவ்வாற்றைக் காஞ்சி என்றே குறிப்பிடுகிறார். படித்துறையில் நின்றபோது நண்பர், "இந்த ஆறு எங்கே போகிறது?" என்று கேட்டார். "உங்கள் ஊருக்குத்தான்" என்றேன். வெள்ளியங்கிரியில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களைக் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்னும் சிற்றூரின் அருகே காவிரியில் கலக்கிறது. கலக்குமிடத்து ஊரின் பெயரே ஆற்றின் பெயராக நிலைத்துவிட்டது. நண்பர் ஆற்றை உற்று நோக்கினார். நுரை மிதந்து போய்க்கொண்டிருந்தது.

பேரூரிலிருந்து தெற்கே சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் போனோம். மலையடிவாரத்தில் இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு இருப்பதை நூல்களில் படித்திருந்தேனே அன்றி, ஐம்பது ஆண்டுகளாக இந்நகரில் வாழ்ந்தும் நேரில் கண்டவனல்லன். இதனை இவ்வவையில் ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமே. வழி தெரியாமல் அரை மணி நேரம் அலைந்தபின், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரை, "அம்மா, இங்கே எழுத்து வெட்டின பாறை இருக்கிறதாமே?" என்று கேட்டேன்.

"எழுத்துக் கல்லுங்களா? அதா, அந்த வேலா மரத்துக்குப் பொறத்தாலைங்க" என்று கோலை நீட்டிக் காட்டிவிட்டு, "அதுல என்னங்க எழுதியிருக்குது?" என்று கேட்டார்.

9ஆம் நூற்றாண்டில் ஆதித்த சோழன் காலத்தில் வெட்டப்பட்ட எழுத்து அது. பாலக்காட்டுக் கணவாய் வழியே சேர நாட்டுக்குச் செல்லும் பெருவழிக்கு இராசகேசரிப் பெருவழி என்று பெயரிட்டதைத் தமிழ் எழுத்திலும் வட்டெழுத்திலும் பொறித்திருக்கிறார்கள். பெயரைப் பொறித்ததோடு அமையாமல் ஒரு வெண்பாவையும் பொறித்திருக்கிறார்கள். அதனை நீங்கள் கருதிப் பார்க்க வேண்டும். சாலையோரப் பாறையில், வண்டி ஓட்டுபவனும் சுமை தூக்குபவனும் கடந்து போகும் இடத்தில், அரசனை வாழ்த்தி ஒரு வெண்பா! காவிரி நாடனாகிய சோழன் வாழ்க என்பது அதன் கருத்து. என் நண்பரோ காவிரி நாட்டவர். தம் நாட்டு மன்னனின் வாழ்த்து நம் ஊர்ப் பாறையில் ஆயிரத்து நூறு ஆண்டுகளாகக் காத்துக் கிடந்தது கண்டு அவர் குனிந்து அதனைத் தொட்டுப் பார்த்தார். பின்னர் அம்மூதாட்டிக்குப் பொருள் சொன்னார். "அப்பவே இங்க ரோடு இருந்துதுங்களா?" என்பதே அவர் கேட்ட கேள்வி. வாழ்த்துப் பெற்ற மன்னனைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அப்பெருவழி வெறும் வழியாக இருந்திருக்க முடியாது என்பதற்கு வெள்ளலூரே சான்று. 1842இலும், 1891இலும், 1931இலும் அங்கே உரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. அகஸ்டஸ், திபேரியஸ் என்னும் பேரரசர்களின் தலைகள் பொறித்த காசுகள் அவை. முசிறித் துறையில் இறங்கிய பொருள் கணவாய் வழியே கொங்கு நாட்டுக்குள் வந்தமைக்கு வேறு சான்று வேண்டுமோ? அன்று மாலையே வெள்ளலூர் போனோம். இன்று அவ்வூரின் பெயரைச் சொன்னால் நகரத்தார்க்கு நினைவுக்கு வருவது மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு. உரோமாபுரி வெள்ளி புதைந்த மண்ணில் நாம் எதனைப் புதைக்கிறோம் என்று நண்பர் கேட்கவில்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்.

நகருக்குள் காட்டத்தக்கவற்றைப் பட்டியலிட நேரமில்லை. சிறை வளாகத்தில் வ. உ. சி. இழுத்த செக்கைக் கண்டோம். வனக் கல்லூரியில் 1902இல் தொடங்கிய காஸ் அருங்காட்சியகத்துக்குப் போனோம். 1912இல் தோன்றிய கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் வாயிலில் நின்று, வட இந்தியாவின் வயல்களுக்கெல்லாம் கரும்பு கொடுத்த ஊர் இது என்று பெருமை பேசினேன். அந்தி வேளையில் உக்கடம் பெரியகுளக் கரையில் நடந்தோம். இப்போது அங்கே நடைபாதையும் விளக்கும் அமைத்திருக்கிறார்கள், குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள், எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் அங்கே நிற்கும்போது காண வேண்டியது விளக்கை அன்று. சித்திரைச்சாவடி அணையில் பிரியும் வாய்க்கால் கிருட்டிணாம்பதி, செல்வாம்பதி, முத்தண்ணன் குளம் என ஒவ்வொன்றாய் நிறைத்துப் பெரியகுளத்துக்கு வருகிறது; இது நிறைந்தால் வாலாங்குளம். ஒரு குளத்தின் மிகுதி மறு குளத்தின் வரவாகும்படி அமைத்த முன்னோரின் அறிவு, யாப்பறிந்தவர்க்கு ஒரு அந்தாதியாகவே தோன்றும்.

மறுநாள் கிழக்கே சென்றோம். விசயமங்கலத்துச் சமணக் கோயிலில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் ஊர் அது. தொடக்கமும் முடிவும் கிடைக்காத நிலையில் அக்காப்பியத்தை உ. வே. சாமிநாத ஐயர் 1924இல் பதிப்பித்தார். நன்னூல் தந்த பவணந்தியார்க்குரிய ஊரென்று கொங்கு நாட்டார் சொல்லும் சீனாபுரமும் அண்மையிலேயே உள்ளது. காப்பியமும் இலக்கணமும் இத்தனை நெருக்கத்தில் பிறந்த மண்ணில், சுற்றுலாப் பலகை ஒன்றுகூட எங்கள் கண்ணில் படவில்லை.

அங்கிருந்து கொடுமணல். கபிலரும் அரிசில்கிழாரும் பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பாடியது நொய்யலின் வடகரையிலுள்ள இவ்வூரையே என்பது அறிஞர் முடிவு. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் அகழ்ந்தபோது பச்சைக்கல், பளிங்கு, சூதுபவளம் ஆகியவற்றில் மணி செய்த தொழிற்கூடங்களும், இரும்பு உருக்கிய உலைகளும் வெளிப்பட்டன. கல் பதித்த வெண்கலப் புலி ஒன்றும் கிடைத்தது. இவை எல்லாவற்றினும் என் மனம் பற்றியது பானை ஓடுகளையே. கண்ணன் ஆதன் என்றும் பண்ணன் என்றும் தத்தம் பெயரை அவற்றில் கீறி வைத்திருக்கிறார்கள். மன்னர் பெயரைப் பாறையில் வெட்டப் புலவர் வேண்டும். தன் பெயரைத் தன் பானையில் கீற ஓர் ஆணி போதும். எழுத்தும் தெரிந்திருக்க வேண்டும். அந்த எழுத்து இவ்வூர்க் குடிகளுக்கு அன்றே தெரிந்திருக்கிறது.

இன்று போனால் என்ன தெரியும் என்று கேட்பீர்கள். கிளுவை வேலியிட்ட கொறங்காடும், அதில் மேயும் மாடும், ஈமக் குழிகளின் கற்களும் தெரியும். அகழ்ந்த குழிகளை மூடிவிடுவது வழக்கம். ஆற்றுப் பக்கம் நடந்தோம். அணித்தே ஒரத்துப்பாளையம் அணை. வேளாண்மைக்கென 1992இல் திறந்த அவ்வணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணையின் நீரை வயலில் விடவேண்டாம் என்று உழவரே போராடினர். கழிவை முற்றும் தடுக்காத சாயப் பட்டறைகளை மூடும்படி 2011இல் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. பட்டறையில் உழைத்தவரும் நம்மவர், நிலம் இழந்தவரும் நம்மவர். எனவே இதனை வசை பாடித் தீர்த்துவிட என்னால் இயலவில்லை. மணிக்குப் பேர்போன கரையில், அந்த நீரைக் கையில் அள்ளத் தயங்கி இருவரும் நின்றோம். "இதுவும் எங்கள் ஊருக்குத்தான் வருகிறதா?" என்றார் நண்பர். நான் விடை சொல்லவில்லை.

அவரை வண்டியேற்றி அனுப்பியபின், நம் வட்டம் இப்பத்தாண்டில் வெளியிட்ட கவிதைத் தொகுப்புகளை எடுத்து வைத்துப் புரட்டினேன். நைல் வருகிறது; தேம்சு வருகிறது; கங்கையோ பக்கந்தோறும் பாய்கிறது. நொய்யல் என்னும் சொல் இரண்டே இடத்தில் வருகிறது. இரண்டில் ஒன்று நான் எழுதியது. 'பொய்யில்' என்ற சொல்லுக்கு எதுகை தேடியபோது அகப்பட்டது. கீரனூர்க்காரராகிய ஆர். சண்முகசுந்தரம் 1942இலேயே 'நாகம்மாள்' நாவலில் கொங்கு மண்ணையும் அதன் பேச்சையும் ஏட்டில் ஏற்றிவிட்டார். உரைநடையார்க்கு இயன்றது நமக்கு ஏன் இயலவில்லை என்பதை உங்களிடமே கேட்கிறேன், என்னிடம் விடையில்லை.

எனவே ஒரு வேண்டுகோள். பத்தாண்டாக மின்விசிறியின் கீழ் கூடிவருகிறோம். பதினோராம் ஆண்டில் சில கூட்டங்களையேனும் வெளியே நடத்துவோம். ஆனித் திங்கள் கூட்டம் பேரூரில், நாற்று நடவு நாளன்று. அடுத்தது சுண்டக்காமுத்தூர்ப் பாறையருகே. மழை ஓய்ந்தபின் ஒன்று கொடுமணலில். மாசியில் இயன்றவர்கள் வெள்ளியங்கிரி ஏறலாம். நான் அடிவாரத்தில் இருந்து உங்கள் மிதியடிகளைக் காத்துக்கொள்கிறேன். செயலாளர் நாளை அறிவிப்பார். எழுத்துக் கல்லுக்கு வருவோர் வேலா மரத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். குடிநீரை அவரவரே கொண்டுவாருங்கள்.